வறட்டியா, தேயிலையா? பூஅர் கேள்வி பதில்

சீனாவின் யுன்னான் மலைகளில் விளையும் பூஅர் தேநீரைப் பற்றிப் போன இதழில் போகிற போக்கில் நாலு வரி எழுதினேன். அதற்கே கடிதங்கள் குவிந்துவிட்டன. எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருந்துகொண்டு, இணையத்தில் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள். நானும் அந்தக் கூட்டம்தான். வட ஐரோப்பாவில் ஒரு அடுக்குமாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு, காலே வைத்திராத மலைகளின் பெயர்களை வாய் நிறையச் சொல்லித் திரிகிறவன். அதனால் நிபுணர் சொன்னதாக நினைக்காமல், பத்துப் பன்னிரண்டு வருடமாகக் காசைக் கரைத்தவன் சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஆங்கில எழுத்தைப் பார்த்துப் 'புயர்', 'புரே' என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். பூ, அர் என்று இரண்டு அசையாகச் சொன்னால் சீனக் கடைக்காரருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: மான்செஸ்டரில் இருக்கிறேன். ஆசைப்பட்டு முதல் பூஅர் வாங்கினேன். காகிதத்தைப் பிரித்தால் வறட்டி மாதிரி ஒரு கறுத்த வட்டு. வெந்நீர் ஊற்றினால் மீன் வாடை அடிக்கிறது, வீட்டில் ஜன்னலைத் திறக்கச் சொல்கிறார்கள். ஏமாந்துவிட்டேனா?

ஏமாறவில்லை. விற்றவர் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான். பூஅரில் இரண்டு வகை. ஷெங் என்பது பச்சை: பெரிய இலைத் தேயிலையைப் பறித்து, வாட்டி, இரும்பு வாணலியில் வதக்கி, உருட்டி, வெயிலில் உலர்த்தி, பிறகு ஆவி காட்டி அழுத்துவது. வாணலிச் சூடு கிரீன் டீக்குக் காட்டுகிற அளவுக்குப் போவதில்லை, அடுப்பு வெப்பத்தில் காயவைப்பதும் கிடையாது. அதனால் இலைக்குள் கொஞ்சம் உயிர் மிச்சம் இருந்து, வருடக்கணக்கில் நிறமும் ருசியும் மாறிக்கொண்டே போகின்றன. அந்த மாற்றத்துக்காக இருபது முப்பது வருடம் யார் காத்திருப்பது? ஹாங்காங்கிலும் அதை ஒட்டிய குவாங்டாங் மாகாணத்திலும் பழைய, கறுத்த தேநீரைத்தான் கேட்டார்கள். 1973 வாக்கில் யுன்னான் தலைநகர் குன்மிங்கின் தேயிலைத் தொழிற்சாலையில் அதற்கு ஒரு குறுக்கு வழி உருவானது. டன் கணக்கில் இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, துணி போட்டு மூடி, உள்ளே சூடு ஏற ஏறக் கிளறிவிட்டு, 45 முதல் 60 நாள் வரை நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்துவிடுவது. எருக்குழி போட்டவர்களுக்கு இந்த வேலை புதிதாக இருக்காது. அப்படி வருவதுதான் ஷோ. உங்கள் கையில் இருப்பதும் அதுதான்.

குவியலிலிருந்து புதிதாக வந்த ஷோவில் அந்தக் குவியல் வாடை ஒன்றிரண்டு வருடம் தங்கும். சிலருக்கு அது குளத்து வாடை, சிலருக்கு மீன். உங்கள் வட்டில், அதைக் கேக் என்பார்கள், ஐம்பது கிராம் உடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டு, மூடியை இறுக்காமல் ஒரு மாதம் விட்டுவிடுங்கள். குடிக்கும்போது நன்றாகக் கொதிக்கும் நீரை ஊற்றி உடனே கொட்டிவிடுங்கள், ஒரு முறை போதாது, இரண்டு முறை. அப்புறமும் மீன் நாறினால் அது குவித்தவர் செய்த தவறு, உங்கள் மூக்கின் தவறில்லை. நல்ல ஷோ ஈர மண், மக்கிய இலை, பேரீச்சம்பழம் என்று போகும். அடுத்த முறை அழுத்தி மூன்று வருடமாவது ஆன ஷோவாகப் பார்த்து வாங்குங்கள். பூஞ்சணம் வேறு விஷயம். பஞ்சு மாதிரி வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்திருந்தால் யோசிக்காமல் குப்பையில் போடுங்கள்.

கேள்வி: சிகாகோவிலிருந்து. 7542, 7572 என்று பூட்டு எண் மாதிரி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் 357 கிராம் வேறு. தொடங்குகிறவன் எதை வாங்கலாம்?

எண் ரொம்ப எளிது. முதல் இரண்டு இலக்கம் அந்தக் கலவை உருவான வருடம், மூன்றாவது இலையின் தரம், கடைசி தொழிற்சாலை. ஒன்று குன்மிங், இரண்டு மெங்ஹாய், மூன்று ஷியாகுவான். ஆக 7542 என்றால் 1975இல் உருவான கலவை, நான்காம் தர இலை, மெங்ஹாய் தொழிற்சாலை. 7572 அதே தொழிற்சாலையின் ஷோ, இலை கொஞ்சம் பெரிசு. 75 என்பது கலவையின் வருடமே தவிர உங்கள் கேக்கின் வருடம் கிடையாது. போன வருடம் அழுத்தியதும் 7542தான். இதைத் தெரியாமல் "1975 தேநீர் இருபது டாலருக்கு" என்று துள்ளிக் குதித்தவர்களை எனக்குத் தெரியும், முதல் ஆள் நான்.

357 கிராமுக்கும் கணக்கு உண்டு. ஏழு கேக்கை மூங்கில் மட்டையில் கட்டினால் ஒரு தோங், ஏறத்தாழ இரண்டரைக் கிலோ. பன்னிரண்டு தோங் சேர்ந்தால் முப்பது கிலோக் கூடை. வியாபாரிகளின் வசதிக்கு வந்த அளவு அது, உங்களுக்கு என்ன வசதி? ஒரு தடவைக்கு ஏழு கிராம் என்றால் ஒரு கேக் 51 தடவைக்கு வரும். பிடிக்காத தேநீரை 51 நாள் குடிப்பது தண்டனை.

அதனால் முதல் ஆறு மாதம் கேக்கே வாங்காதீர்கள். 25 கிராம் மாதிரிப் பொட்டலமாக ஐந்தாறு வாங்குங்கள். அளவுகோலாக ஒரு 7572. யீவூ பக்கத்து இளம் ஷெங் ஒன்று, மெதுவாக, தேன் மாதிரி இருக்கும். புலாங் மலை இளம் ஷெங் ஒன்று, கசப்பில் முகம் சுளிக்க வைக்கும். ஷியாகுவானின் கிண்ண வடிவத் துவோச்சா ஒன்று, புகை வாசனைக்காக. குவாங்டாங்கிலோ ஹாங்காங்கிலோ பத்துப் பதினைந்து வருடம் கிடந்த ஷெங் ஒன்று. இது கொஞ்சம் காசு கேட்கும், பரவாயில்லை, 25 கிராம்தானே. இந்த ஐந்தையும் குடித்தபின் உங்கள் வாய் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அதுவே சொல்லும். அதற்கு முன்னால் என்னைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

எங்கே வாங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். யுன்னானிலிருந்தே ஆங்கிலத்தில் கடை நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள், மாதிரிப் பொட்டலமும் தருவார்கள், எந்த வருடம், எங்கே வைத்திருந்தது என்றும் எழுதுவார்கள். எழுதாத கடையை விட்டுவிடுங்கள். ஆனால் அமெரிக்காவில் 800 டாலருக்குள் வரும் பார்சலுக்குச் சுங்கம் இல்லை என்றிருந்த சலுகை சீனப் பொருள்களுக்கு 2025 மே மாதத்தோடு போய்விட்டது. விலையோடு வரியையும் கூட்டிப் பாருங்கள். கூட்டினால் உள்நாட்டிலேயே இருப்பு வைத்து விற்கும் சின்னக் கடை மலிவாக வந்து நிற்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எவ்வளவு சின்னப் பார்சலானாலும் மதிப்புக்கூட்டு வரி உண்டு.

கேள்வி: லாவ் பான்ஜாங், 800 வருட மரம், 2006, ஒரு கேக் 40 டாலர் என்று ஒரு தளத்தில் பார்த்தேன். வாங்கலாமா?

உறைக்குக் காசு கொடுக்க விருப்பம் என்றால் வாங்குங்கள். என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. தொடங்கிய இரண்டாம் வருடம், ஒரு பொதுச் சந்தைத் தளத்தில், அழகான கையெழுத்து, சிவப்பு முத்திரை, கேக்குக்குள் பதித்த சின்னச் சீட்டு வரை எல்லாம் இருந்தது. தேநீர் மட்டும்தான் இல்லை. கசப்பு இருந்தது, அது நாக்கைவிட்டுப் போகவே இல்லை. விற்றவருக்கு எழுதினேன், "உங்கள் வாய்க்குப் பழக்கம் போதாது" என்று பதில் வந்தது. அதையும் நம்பி மூன்று மாதம் குடித்தேன்.

சாதாரணக் கணக்குப் போடுங்கள். லாவ் பான்ஜாங் புலாங் மலையில் ஒரே ஒரு கிராமம். அங்கே மூத்த மரங்களின் வசந்த இலை கிலோவுக்குப் பல ஆயிரம் யுவான் விலை போகிறது. குறைத்து 5,000 யுவான் என்றே வைத்துக்கொள்வோம், 357 கிராம் இலைக்கே 1,785 யுவான், ஏறத்தாழ 250 டாலர். அதற்கு மேல் அழுத்துகிறவர், கட்டுகிறவர், இத்தனை வருடம் வைத்திருந்தவர், விற்கிறவர் எல்லாரும் சாப்பிட வேண்டும். 40 டாலருக்கு எப்படி வரும்? 2006இல் அங்கே விலை இப்போதைவிட எவ்வளவோ குறைவு, உண்மைதான். ஆனால் அப்போது வாங்கி வைத்தவர் இன்றைய விலை தெரியாதவராகவா இருப்பார்?

மூத்த மரத்தை அங்கே கூஷூ என்பார்கள். நிஜமாகவே பழைய தேயிலைக் காடுகள் இருக்கின்றன, ஜிங்மாய் மலையின் காடுகளை 2023இல் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அழுத்திய கேக்கைப் பார்த்து மரத்தின் வயதைச் சொல்ல வழியில்லை. 300, 500, 800 என்று வயது உறைக்கு உறை ஏறிக்கொண்டே போகும். ஏறினால் யார் கேட்கப்போகிறார்கள்?

2006, 2007 என்ற வருடமும் அதிர்ஷ்ட எண் இல்லை. அப்போது பூஅர் பங்குச்சந்தை மாதிரி ஏறியது. ஸிமாவ் நகரம் தன் பெயரையே பூஅர் என்று மாற்றிக்கொண்டது 2007இல், அதே வருடம்தான் விலை சரிந்தது. விலை வெறி பிடித்த காலத்தில் எதை வேண்டுமானாலும் அழுத்தி விற்றிருக்கிறார்கள். அந்த வருடக் கேக்குகளில் அருமையானவை உண்டு, ஆனால் குடித்துப் பார்க்காமல் வாங்காதீர்கள். யுன்னானுக்கு வெளியே விளைந்த இலையைப் பூஅர் என்று விற்கக்கூடாது என்ற தேசியத் தரம் வந்ததே 2008இல்தான்.

கேள்வி: பூஅர் குடித்தால் எடை குறையுமாமே?

வெந்நீருக்குப் பதில் சர்க்கரைப் பானம் குடித்துக்கொண்டிருந்தவர் பூஅருக்கு மாறினால் குறையும். எனக்குக் குறைந்தது பர்ஸ்தான்.

கேள்வி: கைவான், ஈஷிங் மண் கெண்டி, ஊற்றுத் தட்டு என்று ஒரு பூசை சாமான் பட்டியலே போடுகிறார்கள். ஒரு குவளையில் போட்டுக் குடித்தால் ஆகாதா?

ஷோ என்றால் தாராளமாக ஆகும். பெரிய குவளையில் மூன்று கிராம், கொதிநீர், மறந்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இளம் ஷெங்கை அப்படிப் போட்டால் கஷாயம். அதற்கு மட்டும் ஒரு கைவான் வாங்கிக்கொள்ளுங்கள். மூடி போட்ட பீங்கான் கிண்ணம்தான், 100 மில்லி போதும், வெள்ளை நிறம், படம் வேண்டாம். ஆறு ஏழு கிராம் இலை, ஒரு தடவை கழுவி, அப்புறம் கொதிநீர் ஊற்றி எட்டுப் பத்து விநாடியில் வடித்துவிடுங்கள். அடுத்தடுத்த ஊற்றுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நேரம் கூட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு ஊற்று வரும், சில இலை இன்னும் வரும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதைப் பார்க்கத்தான் இத்தனை பாடு. விரல் சுடும், ஒரு வாரத்தில் பிடி பழகிவிடும். மண் கெண்டியை இரண்டு வருடம் தள்ளிப்போடுங்கள். அது வாசனையை உறிஞ்சும், எந்தத் தேநீருக்கு என்று முடிவாகாமல் வாங்கி என்ன செய்வது?

கேள்வி: கற்பூரம், உலர்ந்த ஆப்ரிகாட், தோல், பழைய நூலகம் என்றெல்லாம் கடைக்காரர்கள் ருசிக் குறிப்பு எழுதுகிறார்கள். எனக்குத் தேநீர் ருசிதான் தெரிகிறது. என் நாக்கில் கோளாறா?

நாக்கில் ஒன்றுமில்லை. அவை விற்கிறவரின் ஞாபகங்கள். அவர் சின்ன வயதில் மோந்த நூலகத்தை நீங்கள் எதற்குத் தேட வேண்டும்? நான் ஒரு காலத்தில் குறிப்பை முதலில் படித்துவிட்டுக் குடிப்பேன், ஆப்ரிகாட் என்று எழுதியிருந்தால் ஆப்ரிகாட் வந்துவிடும். ஒரு நாள் பொட்டலம் மாறிப்போய், புகை வாசனைத் துவோச்சாவில் ஆப்ரிகாட் கண்டுபிடித்து எழுதியும் வைத்தேன். அன்றோடு குறிப்பு படிப்பதை விட்டேன். இப்போது பொட்டலங்களில் எண் மட்டும் எழுதி, மனைவியை எடுத்துக் கொடுக்கச் சொல்லி, எதுவென்று தெரியாமல்தான் குடிக்கிறேன். விலை உயர்ந்ததென்று நான் நம்பியிருந்த இரண்டு கேக்குகள் அந்தத் தேர்வில் வரிசையாகத் தோற்றன.

பூஅரைத் தெரிந்தவர்கள் வாசனையைவிட வாயில் என்ன நடக்கிறது என்பதைத்தான் அதிகம் பேசுவார்கள், இதில் தமிழ் வாய்க்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கசப்பையும் துவர்ப்பையும் பிரித்துச் சொல்லத் தடுமாறுவார்கள். துவர்ப்பு என்ற சொல்லே நமக்கு ஆறு சுவையில் ஒன்றாகப் பழகியது. சீனத்தில் கசப்பு கூ, துவர்ப்பு ஸ. கசப்பு இருக்கலாம், வந்து சீக்கிரம் போய்விட வேண்டும். துவர்ப்பு நாக்கில் ஒட்டிக்கொண்டு உலர்த்தக்கூடாது. அப்புறம் ஹுய் கான் என்று ஒன்று, 'திரும்பி வரும் இனிப்பு'. மேற்கத்திய நண்பர்களுக்கு இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், உங்களுக்கு ஒரு சொல் போதும்: நெல்லிக்காய். முன்னே கசந்து பின்னே இனிப்பது என்று நம் பழமொழி சொல்வது இதையேதான். வேடிக்கை என்னவென்றால் அதே நெல்லி யுன்னானிலும் விளைகிறது, அதற்குச் சீனத்தில் ஒரு பெயர் யூகான்ஸி, 'மிச்சம் நிற்கும் இனிப்பு' என்று பொருள். தேநீரை விழுங்கியபின் ஒரு நிமிடம் சும்மா இருங்கள். தொண்டையின் பின்பக்கத்திலிருந்து இனிப்பு மேலே ஏறி வருகிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது? நான் இப்போது நோட்டில் எழுதுவது மூன்றே விஷயம்: கசப்பு எப்போது போயிற்று, இனிப்பு எப்போது வந்தது, ஐந்தாவது ஊற்று ஊற்றத் தோன்றியதா. மூன்றாவதுக்கு 'இல்லை' என்று விழுந்தால் முதல் இரண்டும் கணக்கில் சேராது.

கேள்வி: டொரோன்டோவில் இருக்கிறோம். மகளுக்கு நாலு வயது. அவள் கல்யாணத்துக்குள் பழசாகிவிடும், விலையும் ஏறிவிடும் என்று ஒரு தோங் வாங்கி வைக்க நினைக்கிறேன். சரிதானா?

மகளுக்குத் தேநீர் பிடிக்கும் என்று யார் சொன்னது? அது இருக்கட்டும். உங்கள் திட்டத்தில் கஷ்டமான இடம் டொரோன்டோ குளிர்காலம். ஹீட்டர் ஓடும் வீட்டில் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழேயே போகும். அதில் ஷெங் பழசாகாது, காய்ந்து போகும், வாசனையெல்லாம் அடங்கிவிடும். அது மாறுவதற்கு வெப்பமும் ஈரமும் வேண்டும். ஹாங்காங்கின் பழைய கிடங்குகளில் புழுக்கம் அதிகம், சீக்கிரம் கறுக்கும், நிலவறை வாசனையும் சேரும். குன்மிங் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே உலர்ந்த காற்று, மெதுவாக மாறும், நறுமணம் தங்கும். ஒரே தொழிற்சாலையின் ஒரே வருடத்து 7542ஐ இந்த இரண்டு இடத்திலும் இருபது வருடம் வைத்து எடுத்தால் இரண்டும் ஒரு தாய் பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மேற்கில் பலர் செய்வது: பழைய குளிர்பதனப் பெட்டியையோ மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டியையோ எடுத்து, வாசனை போகத் துடைத்து, உள்ளே 62லிருந்து 69 சதவீதம் வரை ஈரம் காக்கும் பொட்டலங்களைப் போட்டு, ஒரு சின்ன ஈரமானியோடு கேக்குகளை அடுக்கிவிடுவது. சுருட்டு வைக்கும் பெட்டியின் பெயரான ஹ்யூமிடோரைத் திருகி இதற்குப் பூமிடோர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெட்டியைச் சமையலறையில் வைக்காதீர்கள், தேயிலை மசாலா வாசனையைப் பிடித்துக்கொண்டு விடாது. 75 சதவீதத்துக்கு மேல் ஏறவிட்டால் பூஞ்சணம். ஷோவுக்கு இத்தனை கவனம் வேண்டாம், வாடை போகக் கொஞ்சம் காற்று போதும்.

விலை ஏறும் என்பதை மறந்துவிடுங்கள். 2007இல் அப்படி நினைத்து அடுக்கியவர்கள் யுன்னானிலேயே கையைச் சுட்டுக்கொண்டார்கள். டொரோன்டோவில் ஒரு வீட்டுப் பெட்டியில் கிடந்த தோங்கை யாரிடம் விற்பீர்கள்? இரண்டு கேக் வாங்கி, வருடத்துக்கு ஒரு நாள் அவள் பிறந்தநாளில் கொஞ்சம் உடைத்துக் குடித்துக் குறித்து வையுங்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும்: இளம் ஷெங் பிடிக்காத ஒருவர் "பழசானால் பிடிக்கும்" என்று நம்பி வாங்குவது அநேகமாகப் பலிப்பதில்லை. பழசு வேண்டுமென்றால் ஏற்கெனவே பழசானதைக் குறைவாக வாங்கலாம், யாரோ ஈரத்தையும் வருடத்தையும் உங்களுக்காகச் செலவழித்திருக்கிறார்கள்.

கேள்வி: ஞாயிறு காலை இளம் ஷெங் ஏழெட்டு ஊற்று குடித்தேன். தலை சுற்றி, கை நடுங்கி, படுத்துவிட்டேன்.

வெறும் வயிறா? எனக்கும் நடந்திருக்கிறது. சீனத்தில் இதைத் தேநீர் போதை என்பார்கள். இளம் ஷெங்கில் காஃபீன் நன்றாகவே இருக்கிறது, ஏழு கிராம் இலையின் சாற்றை அரைமணி நேரத்தில் இறக்கினால் உடம்பு கேட்கத்தானே செய்யும். சாப்பிட்ட பிறகு குடியுங்கள், இலையை நாலு கிராமாகக் குறையுங்கள். தொடர்ந்து படபடப்பு இருந்தால் தேநீரை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கேக்கை உடைக்கப் போய் உள்ளங்கையில் குத்திக்கொண்டேன். இரண்டு தையல். நீங்கள் எப்படி உடைக்கிறீர்கள்?

கையில் பிடித்துக்கொண்டு உடைப்பதில்லை. நானும் தழும்பு வாங்கிய பிறகுதான் திருந்தினேன். கேக்கை மேசையில் துணி விரித்துப் படுக்க வைத்து, பிடிக்கும் கையை எப்போதும் கேக் உடைக்கும் ஊசியின் பின்பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், முனை போகும் திசையில் விரல் இருக்கக்கூடாது. பின்புறக் குழியின் ஓரத்திலோ பக்கவாட்டு விளிம்பிலோ ஊசியை நுழைத்து, குத்தாமல் மெதுவாக நெம்பினால் அடுக்கடுக்காகப் பெயரும், இலையும் நொறுங்காது. ஷியாகுவானின் இரும்பு அச்சில் அழுத்திய கேக்குகள் மட்டும் இதற்கு மசியாது. அதற்குச் சிலர் ஆவி காட்டிப் பிரித்து மறுபடி உலர்த்துகிறார்கள். நான் துணியில் சுற்றிச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிடுவேன், தூள் கொஞ்சம் விழும். அந்தத் தூளைத் தனியாக ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறேன், அவசரமான காலையில் குவளையில் போட.